அரைக் கிரவுனைக் கீழே விட்டவள்

க்ளேர் சந்தை, லண்டன்
1727 மே 9

ஹெஸ்டர் ரட்லிக்கு,

நலமா என்று கேட்டுக் கடிதத்தை ஆரம்பிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நீ நலமாக இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். போன வாரம் லோவிக்கின் குத்துச்சண்டை மேடையில் உன் வலது கை ஏன் திறந்தது?

நான் குத்தியது உன் விலாவில். கையில் இல்லை. குத்து வாங்கியவளின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், இரண்டு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் முகத்தில் ஒன்றுமே இல்லை. கல் மாதிரி நின்றாய். விரல்கள் விரிந்தன, அரைக் கிரவுன் காசு பலகையில் விழுந்து உருண்டது, நடுவர் என் கையைத் தூக்கிவிட்டார். இரண்டு கையிலும் காசைப் பிடித்துக்கொண்டுதான் பெண்கள் குத்த வேண்டும், முதலில் காசை விட்டவள் தோற்றவள். அது சட்டம். சட்டப்படி நான் ஜெயித்தேன். ஐந்து வருடமாக எவளாலும் அசைக்க முடியாதவளை அசைத்துவிட்டேன் என்று அன்று வீடுவரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். சந்தோஷ அழுகை.

மறுநாள் காலையில் கடையில் குடலைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், எதிர்க்கடைக் கசாப்புக்காரன் வந்து நிற்கிறான். "என்னம்மா, தானம் வாங்கின மகராணி, ஆட்டுக்கால் என்ன விலை?" என்கிறான். அவன் பக்கத்தில் நின்றவன், "வெலை எதுக்குக் கேக்குற, கைய நீட்டு, அவளே தருவா. அவளுக்கும் அப்படித்தானே கெடச்சுது" என்கிறான். மத்தியானத்துக்குள் சந்தை முழுக்க அதே பேச்சு. மீன்காரி பாவம் பார்த்துக் காசை விட்டாளாம். குடல்காரி பொறுக்கிக்கொண்டாளாம்.

விட்டாயா, விழுந்ததா? அதை மட்டும் எழுது. உன் சந்தைக்கும் என் சந்தைக்கும் அரைமணி நேர நடைதான், நேரில் வந்து கேட்டிருப்பேன். வந்தால் மேடைக்கு வெளியே உன்னை அடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் ஒரு பென்னி கொடுத்துத் தபாலில் போடுகிறேன்.

டாபித்தா க்ரூ


பில்லிங்ஸ்கேட் மீன் சந்தை
மே 11

குடல்காரிக்கு,

இதை எழுதுவது எங்கள் சந்தை நாவிதர் டோசர். எனக்கு விலாங்கு மீன் தோலுரிக்கிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. சொல்வதை அப்படியே எழுதச் சொன்னேன். "திட்டுறதையுமா எழுதணும்?" என்று கேட்டார். "திட்டுறதைத்தான் மொதல்ல எழுதணும்" என்றேன். மனுஷர் இப்போது பேனாவை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருக்கிறார், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி.

கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். விட்டேன். நானாகத்தான் விட்டேன்.

மூன்றாவது தடவை நீ முழங்காலில் விழுந்தபோது உன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. இன்னும் இரண்டு குத்து விட்டால் நாளைக்குக் க்ளேர் சந்தையில் குடல் கழுவ ஆளிருக்காது என்று தோன்றிற்று. உனக்கு இருபத்தாறு வயது. எனக்கு முப்பத்தெட்டு. என்னிடம் ஐந்து வருடப் பேர் இருக்கிறது, உன்னிடம் அந்த ஆட்டுக்கால் வாளியைத் தவிர என்ன இருக்கிறது? போகட்டும், பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நீ பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு இல்லாமல் மாட்டுக்காரிக்குக் கடிதமும் போடுகிறாய்.

பேசாமல் பட்டத்தை வைத்துக்கொள். நடுவர் உன் கையைத் தூக்கினாரே, அது போதாதா?

ஹெஸ்டர் ரட்லி
(எழுதியவர் டோசர். கடைசியில் சொன்ன இரண்டு வார்த்தைகளை நான் எழுதவில்லை, மன்னிக்கவும்.)


க்ளேர் சந்தை
மே 15

ஹெஸ்டர்,

இன்றைய செய்தித்தாளில் மூன்றாம் பக்கம் வந்திருக்கிறது. உங்கள் சந்தையில் அந்தத் தாளில்தானே மீன் கட்டுகிறார்கள். கட்டுவதற்கு முன் டோசரைப் படித்துச் சொல்லச் சொல். சொல்ல மாட்டார் என்று தோன்றினால் இதோ:

"க்ளேர் சந்தையில் குடல் விற்கும் டாபித்தா க்ரூ ஆகிய நான், எனக்குப் பிச்சை போட்டதாகச் சொல்லித் திரியும் மீன்காரி ஹெஸ்டர் ரட்லியை மறுபடியும் மேடைக்கு அழைக்கிறேன். வழக்கம்போல் ஆளுக்கு இரண்டு காசு, கைக்கு ஒன்று. அவள் வராவிட்டால் அவள் சொன்னது பொய் என்று ஊர் எடுத்துக்கொள்ளட்டும்."

இதைப் போட நான் கொடுத்த பணத்தில் ஒரு வாரம் சாப்பிட்டிருக்கலாம். பரவாயில்லை, வயிறு காய்ந்தால் காயட்டும். நான்கு நாளாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் உன் கை திறக்கிறது. ஜெயித்த நாளை நினைத்துச் சந்தோஷப்படக்கூட எனக்கு விதியில்லை, அதையும் நீ எடுத்துக்கொண்டாய். தோற்றிருந்தால்கூட இதைவிட நன்றாகத் தூங்கியிருப்பேன்.

என் தலையில் குத்து, மூக்கில் குத்து, என்னைப் படுக்கப்போடு. ஆனால் பாவம் மட்டும் பார்க்காதே.

டாபித்தா


பில்லிங்ஸ்கேட்
மே 17

டாபித்தா க்ரூவுக்கு,

படித்தார் டோசர். மூன்று தடவை படித்தார், வண்டிக்காரன் முதல் சுமைகூலிவரை எல்லாரும் கேட்டார்கள். சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஜெயிக்கத் தெரியாதவள் ஜெயித்தது கோணல் என்கிறாய்.

வருகிறேன். ஜூன் 6 என்று லோவிக் நாள் குறித்துவிட்டார். உனக்காக ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. மேடை வாசலில் இருக்கிற பீர்க்கடையை நடத்திய கிழவர் இறந்துவிட்டார் அல்லவா. தோற்காத கையோடு மேடையை விட்டு இறங்குகிறவளுக்குத்தான் அந்தக் கடை என்று லோவிக் முடிவு செய்திருக்கிறார். முகத்துக்கு நேராகச் சொன்னார்: "ஹெஸ்டர், தோத்தவ ஊத்துற பீரை எவன் குடிப்பான்? அந்தக் குடல்காரியைச் சாய்ச்சுட்டு வா, சாவியை எடுத்துக்கோ. பாவம் பாத்து விட்டவ மறுபடி ஜெயிக்கலாம், அதுல எனக்குச் சந்தேகமில்லை."

பார்த்தாயா, உனக்குப் போட்ட பிச்சையால் எனக்கும் ஒன்றும் நஷ்டமில்லை. இந்த முறை கை திறக்காது. நெற்றியைத் துடைத்து வைத்துக்கொள்.

ஹெஸ்டர் ரட்லி


க்ளேர் சந்தை
மே 26

ஹெஸ்டர்,

நேற்று உங்கள் சந்தைக்கு வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை, உன்னைப் பார்த்துச் சிரிக்க வந்தேன். பீப்பாய்களுக்குப் பின்னால் நின்றேன். அரைமணி நேரம் நின்றேன். சிரிப்பு வரவில்லை.

வலது மணிக்கட்டில் கத்தியைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாய். விரல்களால் பிடிக்கவில்லை. விலாங்கின் தலையை ஆணியில் மாட்டிவிட்டு, இடது கையால் தோலை இழுத்துக்கொண்டு, வலது கையைக் கட்டை மாதிரி வைத்து அறுத்தாய். பக்கத்துக் கடைக்காரி, "ஹெஸ்டர், கைக்கு என்னாச்சு?" என்றாள். நீ, "விலாங்கு வழுக்கிடுச்சு, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றாய். இரண்டு நாளில் சரியாகிற கை அப்படியா இருக்கும்? இரண்டு விரல்கள் உள்பக்கம் வளையவே இல்லை. அப்போதுதான் டோசர் ஏன் எழுதுகிறார் என்று புரிந்தது. உனக்கு எழுதத் தெரியும். போன வருடம் லோவிக்கின் கணக்குப் புத்தகத்தில் நீ கையெழுத்துப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

உன் குத்து என் மூக்குக்கு வந்தபோது நான் தலையைக் குனிந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மண்டையில் பட்டது. அது நான் வேண்டுமென்றே செய்வது. கை உடைந்தால் குத்தியவள் கதைதான் முடியும், மண்டைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு வருடமாக அதைப் பழகியிருக்கிறேன். உன் கை என் மண்டையில் உடைந்தது. அதற்குப் பிறகு விலாவில் ஒன்று வாங்கியதும் தானாகத் திறந்தது.

அப்படியானால் நான் ஜெயித்தேன். நேர்மையாக, என் தந்திரத்தால், என் தலையால் ஜெயித்தேன். நீ விட்டேன் என்று பொய் சொன்னாய். பதினைந்து நாள் என்னை அரித்துத் தின்றாய், சந்தையில் தலையைக் குனிய வைத்தாய், எல்லாம் ஒரு பொய்க்காக.

நாளை மறுநாள் லோவிக்கிடம் போய்ச் சொல்லப்போகிறேன். உன் கையை எல்லார் முன்னாலும் மடக்கிக் காட்டச் சொல்லப்போகிறேன்.

டாபித்தா


பில்லிங்ஸ்கேட்
மே 27

டாபித்தா,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும், படிக்க முடிந்தால் படி. இதை டோசரிடம் சொல்லி எழுத முடியாது.

உண்மைதான். உன் மாட்டு மண்டையில் உடைந்தது. எலும்பு வைத்தியர் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு வெரலும் இனி மடங்காது, கடவுளே வந்தாலும் மடங்காது" என்றார். விடவில்லை நான். விழுந்தது. போதுமா?

பொய் ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார். கை போனவளை எந்த மேடைக்காரன் ஏற்றுவான்? பாவம் பார்த்து விட்டவள் என்றால் மறுபடி ஏற்றுவான். லோவிக் சொன்னது உனக்கு எழுதியிருக்கிறேன். எனக்கு மேடை வேண்டாம், பட்டம் வேண்டாம், அந்தப் பீர்க்கடை வேண்டும். பீர் ஊற்ற ஒரு கை போதும். மீனுக்கு இரண்டு கை வேண்டும். தினமும் பாதி மீன் கெட்டுப்போகிறது, வாங்குகிறவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள். குளிர்காலம் வருவதற்குள் அந்தச் சாவி கைக்கு வராவிட்டால் நான் ஏழைகள் விடுதியில்தான். அங்கே போன பெண்கள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்று உனக்குத் தெரியும்.

உன்னிடம் கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. ஐந்து வருடத்தில் நான் எவளிடமும் கெஞ்சியதில்லை, உன் மாதிரிக் குடல் நாற்றம் பிடித்தவளிடம் ஆரம்பிக்கப்போவதில்லை. ஒன்று சொல்கிறேன்: லோவிக்கிடம் போனால் நீ ஜெயித்தவள், நான் தெருவில். போகாமல் ஆறாம் தேதி மேடைக்கு வந்தால் ஒரு கையால் உன்னை அடிக்கப் பார்க்கிறேன். முடிந்தால் ஜெயித்துக்கொள். அதையும் ஜெயித்தால் உன்னை எவனும் கேட்க முடியாது.

உன் இஷ்டம். உன் நெஞ்சு சொல்கிறபடி செய், நெஞ்சு என்று ஒன்று இருந்தால்.

ஹெஸ்டர்


க்ளேர் சந்தை
மே 28

ஹெஸ்டர்,

எந்த வாக்கும் கொடுக்க மாட்டேன். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் உன்மேல் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. என் பேரை எடுத்து உன் கையைப் போர்த்திக்கொண்டாய், இப்போது குளிருகிறது, பிடுங்காதே என்கிறாய்.

இன்று லோவிக்கின் வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. ஏன் என்று கேட்காதே, எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

ஆறாம் தேதி வருகிறேன். நான் பாவம் பார்க்க மாட்டேன். உன் உடைந்த கை எது என்று பார்த்து ஒதுங்கிக் குத்துகிற ஆள் இல்லை நான்.

டாபித்தா


பில்லிங்ஸ்கேட்
ஜூன் 8

டாபித்தா க்ரூவுக்கு,

சாவி என் கையில் இருக்கிறது. இடது கையில். அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன், ஆனால் சாவியைப் பற்றிச் சொல்ல எழுதவில்லை.

நீ மோப்பம் பிடித்தாய். முதல் குத்து உன் கன்னத்தில் விழுந்ததுமே உன் மூக்கு விரிந்ததை நான் பார்த்தேன். மீனின் காற்றுப் பையைக் காய்ச்சி எடுக்கிற பசை, மீன்காரிகள் நாங்கள் எல்லாரும் வீட்டில் காய்ச்சுவதுதான். காசை உள்ளே வைத்து, விரல்களை மடக்கித் துணியால் கட்டி, பசையை ஊற்றி, விடியவிடிய காயவைத்தேன். வலி என்று ஒன்று இருக்கிறதே, பிள்ளை பெறுகிற வலியும் அதற்குப் பக்கத்தில் வராது. இடது கையில் காசைச் சும்மா பிடித்திருந்தேன், வலது கை கல். பசை வைப்பது தப்பு. நடுவருக்குத் தெரிந்திருந்தால் என்னை மேடையிலிருந்து தள்ளியிருப்பார், ஜனங்கள் முட்டை அடித்திருப்பார்கள். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். "கைய மோந்து பாருங்க" என்றால் போதும். நீ சொல்லவில்லை.

சொல்லாமல் குத்தினாய், அதைப் பற்றிக் குறையில்லை. இடது கண் இன்னும் திறக்கவில்லை. ஒரு பல்லும் போயிற்று. பாவம் பார்க்கவில்லை என்று நீயே சொல்லிக்கொள்ளலாம், நானும் நம்புகிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு? இருபது நிமிடம் போயிருக்கும். எனக்கு மூச்சில்லை, உனக்கு இருந்தது. இடது கையால் உன் தோளில் ஒன்று விட்டேன். பூனை அடிக்கிற அடி. உன் கை திறந்தது, காசு விழுந்தது. ஜனங்கள் கூரை பிய்கிற மாதிரிக் கத்தினார்கள். ஜெயித்தவள் இரண்டு கையையும் விரித்துக் காசைக் காட்ட வேண்டும், அது வழக்கம். நான் எப்படிக் காட்டுவேன்? நடுவர் என் பக்கம் வருகிறார். அதற்குள் நீ ஓடிவந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மேலே தூக்கி, "பாருங்கய்யா, கடைசிவரைக்கும் விடலை இவ, நான்தான் விட்டேன்" என்று கத்தினாய். தோற்றவளே தூக்கிக் காட்டினால் யார் கேட்பார்கள்? நடுவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் மூன்று வாளி வெந்நீரில் கையை ஊறவைத்தேன். தோலோடு வந்தது.

நான் கேட்கவில்லை. தூக்கச் சொல்லிக் கேட்டேனா? இரண்டு ராத்திரியாக அந்த ஒரு குத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குத்துக்குக் காசு விழாது. குத்து விடுகிறவளுக்குத் தெரியும். நீ விட்டாயா, உன் கை தளர்ந்து விழுந்ததா? தோள் ஏற்கெனவே மரத்திருந்ததா? நான் அதற்கு முன்னால் அங்கே ஒன்று பலமாக விட்டிருந்தேன், அதனால் இருக்கலாம். இருக்கலாம்தானே?

நேராகப் பதில் எழுது. திட்டவேண்டுமென்றால் திட்டிவிட்டு எழுது.

ஹெஸ்டர் ரட்லி


க்ளேர் சந்தை
ஜூன் 11

ஹெஸ்டர் ரட்லிக்கு,

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். முதலாவதற்குப் பதில் சொல்கிறேன்.

பசையைப் பற்றி ஏன் சொல்லவில்லை? முதல் குத்திலேயே நாற்றம் வந்தது, உண்மை. வாயைத் திறந்தேன்கூட. அப்போது உன் கை எப்படி இருக்கும் என்று தோன்றிற்று. மடங்காத இரண்டு விரலை மடக்கிக் கட்டி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாள் இந்தக் கிழட்டுப் பிசாசு, ஒரு பீர்க்கடைக்காக. வாயை மூடிக்கொண்டேன். உன்மேல் பிரியம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு உன்னைப் பிடிக்காது. முதல் நாளும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஏழைகள் விடுதியில் உன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற அளவுக்கு என்னால் வெறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதுவும் என் குறைதான்.

பசையைக் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றாதே. மோப்பம் பிடிக்க நான் ஒருத்தி மட்டும் இல்லை. கடையைத் திறந்ததும், மேடையை விட்டு இறங்கிவிட்டேன் என்று செய்தித்தாளில் போட்டுவிடு. ஜெயித்து இறங்கியவளின் கையை யாரும் விரித்துப் பார்க்க மாட்டார்கள். தாமதித்தால் டெப்ட்ஃபோர்டிலிருந்து ஒருத்தி உன்னைச் சண்டைக்குக் கூப்பிடப்போகிறாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் சந்தையில் இப்போது யாரும் தானம் என்று சொல்வதில்லை. "ஒரு தடவை ஜெயிச்சா, ஒரு தடவை தோத்தா, சரியான ஆளு" என்கிறார்கள். கசாப்புக்காரன் நேற்று, "என்னம்மா இப்படி விட்டுட்டே, நான் ஒம்மேல ரெண்டு ஷில்லிங் கட்டினேன்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். எனக்கு அது இதமாக இருந்தது. தோற்றவளுக்குக் கிடைக்கிற மரியாதைகூட மே மாதம் ஜெயித்த எனக்குக் கிடைக்கவில்லை.

இனி உன் இரண்டாவது கேள்வி.

மே மாதம் நான் அதே கேள்வியைக் கேட்டேன். நீ பதில் எழுதினாய், பொய். அந்தப் பொய்யோடு நான் பதினைந்து நாள் படுத்தேன், எழுந்தேன், குடல் கழுவினேன். நான் ஜெயித்தவளா, பிச்சைக்காரியா என்று எனக்கே தெரியாது. அது எப்படி இருக்கும் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது என்று நினைத்திருந்தேன். இப்போது நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் புரிந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இரண்டு ராத்திரியிலேயே இவ்வளவு என்றால் போகப்போகப் பார்.

என் கை திறந்தது ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உன் குத்தின் கனம் எவ்வளவு என்பதும் தெரியும், என் தோள் மரத்திருந்ததா என்பதும் தெரியும். இந்த லண்டனில் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுத மாட்டேன். டோசரை வைத்துக் கேட்டாலும், லோவிக்கை வைத்துக் கேட்டாலும் எழுத மாட்டேன்.

கடையில் நீ பீர் ஊற்றுவாய். வருகிறவன் எல்லாம் அந்த நாளைப் பற்றிப் பேசுவான், உன் கடைசிக் குத்தைக் கையால் செய்து காட்டுவான், நீ சிரிக்க வேண்டியிருக்கும். ஒருநாள் நானும் வருவேன். காசு கொடுத்தே குடிப்பேன். அப்போதும் கேள். அப்போதும் சொல்ல மாட்டேன்.

டாபித்தா க்ரூ